ராஜாவுக்கு ஒரு கை, கால்சட்டைக்கு ஒரு கை

ஓர்ச்சாவில் பிறந்து, ஓர்ச்சா தபால் நிலையத்திலேயே தலை நரைத்த கம்தா பிரசாத், ஊர் அரண்மனைகளைப் பற்றி யாரிடமும் அடக்கமாகப் பேசியதில்லை. உள்ளே போய்ப் பார்த்ததும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன அன்றும் வெளியே நின்று சீத்தாப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

அதனால்தான், மகள் அபிலாஷாவைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க ஜான்சியிலிருந்து வந்த தேஷ்ராஜ் இப்படிக் கேட்டதும் வீட்டில் கலவரம்.

"பிள்ளைங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. என் பதிலைச் சாயங்காலம் ராம்ராஜா கோயில்ல, சாமி முன்னால சொல்றேன். அதுக்குள்ள அரண்மனையைச் சுத்திக் காட்டுங்களேன்."

மனைவி ராம்கலி கணவரை அடுக்களைக்குள் இழுத்தாள். "ஏங்க, போன வரன் உங்க வாயாலதான் போச்சு. பொண்ணு முகத்தைப் பாத்தீங்கல்ல? இந்தத் தடவையாவது அளக்காம இருங்க."

"நானா? நான் எப்ப அளந்தேன்?"

அண்ணன் மகன் கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டார். அப்போது அவருக்குத் தொப்பை இருந்தது. பிறகு சர்க்கரை வியாதி வந்து தொப்பையைக் கொண்டுபோய்விட்டது. கால்சட்டை மட்டும் பழைய நினைப்பிலேயே இருந்தது. தோல் பெல்ட்டை இறுக்கியதில் இடுப்பைச் சுற்றி ஒரே கொசுவம். ஆனாலும் கண்ணாடியில் அவருக்கு என்னவோ ஒரு திவான்தான் தெரிந்தார்.

ஜஹாங்கீர் மஹால் அரண்மனையில் கால் வைத்ததுமே ராம்கலி பயந்தது நடந்தது.

"எங்க பரம்பரை இங்கதான் ராஜாவுக்கு யோசனை சொல்லிக்கிட்டிருந்தது."

உண்மையில் பரம்பரை ராஜாவின் யானைக்குக் கரும்பு போட்டது. யானையிடம் ஏதாவது யோசனை சொல்லியிருக்கலாம் என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டு படியேறினார். ஏறினார், இறங்கினார், திரும்பினார். எந்தப் படியில் போனாலும் அதே மாடம்தான் வந்தது.

"ஐயா, மாடத்துல உக்காந்திருக்கிற இந்தக் கழுகை நாம ஏற்கெனவே பாத்த மாதிரி இருக்கே?" என்றார் தேஷ்ராஜ்.

"அது வேற கழுகு. இங்க குடும்பமே இருக்கு."

கழுகு அவரைப் பார்த்த பார்வையில் துளி மரியாதை இல்லை. கடைசியில் ஒரு சுற்றுலாக் கூட்டத்தை ஒட்டிக்கொண்டுதான் வெளியே வர முடிந்தது. தேஷ்ராஜ் மீசைக்குள் சிரித்தாரா, முறைத்தாரா, கம்தாவுக்குத் தெரியவில்லை. இந்த வரனும் போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

சாயங்காலம் ராம்ராஜா கோயில் வாசலில் காவலர் கையை நீட்டினார். "பெல்ட்டைக் கழட்டுங்க. ராஜா முன்னால தோல் கூடாது."

கம்தா தினமும் கோயிலுக்கு வருகிறவர்தான். வருவது நாடா கட்டிய பைஜாமாவில். பெல்ட்டைப் பற்றி யோசிக்க அவருக்கு அவசியமே வந்ததில்லை. ராம்கலியிடம் ஊக்கு கேட்கலாமென்றால் அவள் பெண்கள் வரிசையில் எங்கோ இருந்தாள். இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திவான் உள்ளே போனார்.

ஆரத்தி தொடங்கியது. துப்பாக்கியோடு நின்ற காவலர் விறைத்து ராமருக்கு மரியாதை செலுத்தினார். ஊருக்கு ராமர்தானே ராஜா. "ராம்ராஜா சர்க்கார் கீ ஜெய்!" என்று எல்லோரும் இரண்டு கையையும் தூக்க, கம்தா ஒன்றைத் தூக்கினார். 'சர்க்கார், கோபித்துக்கொள்ளாதே. மறு கையில்தான் என் மானம் இருக்கிறது.'

தேஷ்ராஜ் அவர் பக்கம் திரும்பினார். "ராஜா சாட்சியா சொல்றேன், எனக்குச் சம்மதம். வாங்க சம்பந்தி!" என்று இரண்டு கையையும் விரித்தார்.

சம்பந்திகள் கட்டித் தழுவினால்தான் பேச்சு உறுதி. ஒற்றைக் கையால் தழுவுவதும் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்வதும் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். கம்தா அசையாமல் நின்றார். தேஷ்ராஜின் முகம் சுருங்கியது.

"என்ன, உங்களுக்கு இஷ்டமில்லையா?"

திவானாவது, மானமாவது! கம்தா கண்ணை இறுக மூடினார். இடுப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார்.

கால்சட்டை இறங்கியது. கொஞ்சம் இறங்கி, நின்றுவிட்டது. பின்பக்கம் யாரோ அதைக் கொத்தாகப் பிடித்திருந்தார்கள்.

"இதுதானா சங்கதி?" என்றது காதோரம் தேஷ்ராஜின் குரல். "நான் பிடிச்சுக்கிட்டேன். அப்படியே ஒட்டிக்கிட்டு வாசலுக்கு நடங்க."

இருவரும் தழுவியபடியே நகர்ந்தார்கள். என்ன பாசம் என்று வழிவிட்டது கூட்டம்.

"முதல் கல்யாணப் பத்திரிகை வழக்கம்போல ராம்ராஜாவுக்கு. ரெண்டாவது அந்தக் கழுகுக் குடும்பத்துக்கு. சரியா, சம்பந்தி?" என்றார் தேஷ்ராஜ்.

கம்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"குடும்பமெல்லாம் இல்ல, சம்பந்தி," என்றார். "ஒரே கழுகுதான்."