மெத்தைக்கு வெயில்

என் மகள் யுனுவெனுக்கு எட்டு வயது. இன்னும் படுக்கையில் மூத்திரம் போகிறாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட இனி என்ன மிச்சமிருக்கிறது, எங்கள் தெருவில் சோளரொட்டி விற்கிறவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

மெக்சிகோ நகரத்தில் தோன்யா எர்மிலாவின் கட்டடம் ஆறு மாடி. முதல் மாடியில் அந்தம்மா. அவருக்குச் சமைத்துப் போட்டு, படிக்கட்டு கூட்டுகிற எனக்கு மொட்டை மாடியில் ஓர் அறை. அறையிலிருந்து வெளியே வந்தால் வலது கைப் பக்கம் படிக்கட்டின் இரும்புக் கதவு. இடது கைப் பக்கம் தண்ணீர்த் தொட்டிகளையும் துணிக்கொடிகளையும் தாண்டிப் போனால் கக்கூஸ். கட்டடத்துக்காரர்கள் துணி உலர்த்துகிற அதே கொடிகளுக்கு நடுவில்தான் நான் தினமும் மெத்தையைச் சாய்த்து வைக்க வேண்டும்.

"என்ன வெனான்சியா, இன்னைக்கும் மெத்தைக்கு வெயில் காட்டியாச்சா?" என்பாள் நாலாம் மாடியில் வேலை செய்கிற ஒதீலியா. "எங்க வீட்டு ஐயா சட்டையில ஒரு மாதிரி வாசனை வருதாம். எந்த சோப்புன்னு கேட்டாரு."

"அவரு வேர்வை வாசனைடி. மோந்து மோந்து உனக்கே பழகிப்போச்சு" என்பேன். வாய்க்கு நான் குறை வைப்பதில்லை. ஆனால் யுனுவென் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

புகார் போகாமல் இருக்குமா, போனது. தோன்யா எர்மிலா கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"கல்லறைத் திருநாள் வரைக்கும் பார்ப்போம் வெனான்சியா. அதுக்குள்ள சரியாகலன்னா தொலூக்காவுல கன்னியர் மடத்து விடுதி இருக்கு. நானே பேசி இடம் வாங்கித் தரேன். நீ இங்கேயே இரு. குழந்தை அங்க இருக்கட்டும்."

தகப்பன் வடக்கே போனவன் போனவன்தான். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. அவளையும் தொலூக்காவுக்கு அனுப்பிவிட்டு இந்த மொட்டை மாடியில் நான் யாருக்காக விழித்துக்கொள்வது?

மருத்துவமனை டாக்டர் பெண் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். தோளில் மாட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் ஜட்டிக்குள் போகும். முதல் சொட்டு பட்டதும் பெட்டி அலறும்.

"சத்தம் கேட்டதும் அவளே எழுந்து பாத்ரூம் போகணும். கொஞ்ச நாள்ல உடம்பு தானா கத்துக்கும். அவ முழிக்கலன்னா நீங்கதான் எழுப்பணும். அடிக்காதீங்க, திட்டாதீங்க. மூணு மாசமாவது பொறுமையா இருங்க."

திருநாளுக்கு அவ்வளவு நாள் இல்லை. அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

முதல் இரவே மானம் கப்பலேறியது. இந்த ஊரில் எது அலறினாலும் முதலில் விழித்துக்கொள்வது கால்தான். செருப்பும் சாவியும் கட்டிலடியில் தயாராக இருக்கும். பெட்டி அலறியது. நான்தான் என் கையால் மாட்டிவிட்டேன் என்பது தூக்கத்தில் எனக்கு ஞாபகமில்லை. பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, "பூகம்ப அலாரம்! இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!" என்று கத்திக்கொண்டே ஆறு மாடியும் இறங்கினேன். கதவுகள் திறந்தன. குழந்தைகள், நாய்கள், கால்சட்டை போட மறந்த மூன்றாம் மாடி தோன் பிதென்சியோ, எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள்.

தெருவுக்கு வந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. பூகம்பம் வருமுன் அலறுகிற தெருக்கம்பத்து ஒலிபெருக்கிகள் எல்லாம் ஊமையாக நின்றன. சத்தம் எங்களோடே இறங்கி வந்திருந்தது.

எல்லோரும் திரும்பி யுனுவெனைப் பார்த்தார்கள். நனைந்த பாவாடையோடு, தோளில் அலறும் பெட்டியோடு, அப்போதுதான் கண் விழித்தாள். யாரோ சிரித்தார்கள். "மூத்திர அலாரம்!" என்றாள் ஒதீலியா. அன்றிலிருந்து என் மகளுக்கு அதுவே பெயராயிற்று.

அதற்குப் பிறகு பெட்டியைத் துணியில் சுற்றினேன். அவளோடு ஒட்டிப் படுத்தேன். சத்தம் வந்ததும் உலுக்குவேன்.

"மணி அடிச்சா என்ன செய்யணும்?"

"பாத்ரூம் போகணும்."

பகலிலும் பயிற்சி. பாத்திரம் தேய்க்கும்போது நான் வாயால் மணியடிப்பேன். அவள் புத்தகத்தைப் போட்டுவிட்டு இடது பக்கம் ஓடுவாள், கக்கூஸைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். இரவில் மட்டும் கல்லு மாதிரி தூக்கம். ஒருமுறைகூடத் தானாக எழவில்லை. பெட்டி என்னைத்தான் பழக்கியது, அவளையல்ல.

பிறகு ஒரு நாள் விடிவதற்கு முன் அலாரம் கேட்டது. இது பெட்டி இல்லை. கம்பத்து ஒலிபெருக்கிகள் ஊர் முழுக்க ஊளையிட்டன. எழுந்து கை நீட்டினேன். படுக்கையில் அவள் இல்லை.

படிக்கட்டுப் பக்கம் ஓடினேன். இரும்புக் கதவு பூட்டியபடியே இருந்தது. தரை நகரத் தொடங்கியது, தொட்டிகளில் தண்ணீர் அலைந்து வழிந்தது. திரும்பிப் பார்த்தால் கக்கூஸில் விளக்கு எரிகிறது. கொடிக்கயிறுகளைப் பிடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தாள்.

"யுனுவென்! திறடி! வெளியே வா!"

"இரும்மா, இன்னும் முடியல."

சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. ஆட்டம் நின்ற பிறகுதான் தாழ் திறந்தது. பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நனையல பாரு! மணி அடிச்சுது, நானே எழுந்தேன், நானே வந்தேன்!"

அறைந்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். இத்தனை நாள் நான் வேண்டிக்கொண்டது அதுதான். அது நடந்த ஒரே இரவில் அவள் கன்னத்தில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

மறுநாள் உட்கார வைத்துச் சொன்னேன். "கண்ணு, தெருவுல அடிக்கிற பெரிய மணின்னா படிக்கட்டு. உன் தோள்ல அடிக்கிற சின்ன மணின்னா பாத்ரூம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"பெரிய மணி?"

"படிக்கட்டு."

பகலில் எல்லாம் புரிந்தது. இரவில் பெட்டி அலறியதும் இப்போது தானாகவே எழுந்தாள், அதுதான் கொடுமை. எழுந்து வாசலுக்குப் போவாள். அங்கேயே நிற்பாள். வலது பக்கம் பார்ப்பாள், இடது பக்கம் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள், நான் கையை ஓங்குவேனோ என்று. நின்ற இடத்திலேயே கால் வழியாக ஓடும். ஓங்க மாட்டேன் என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் கண் என் கையை விட்டு நகரவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். "பயந்துட்டா. கொஞ்ச நாளைக்குப் பெட்டியைக் கழட்டி வைங்க. பயம் தெளிஞ்சதும் மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றாள். கொஞ்ச நாளாம். தெருவில் அப்போதே திருநாளுக்கான செண்டுமல்லி வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன.

திருநாள் முடிந்தது. தோன்யா எர்மிலாவே வந்து, செத்தவர்களுக்குப் படைத்த ரொட்டியில் பாதியைத் துணியில் கட்டிக் கொடுத்தார், வழிக்கு. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மூட்டை கட்டினேன். இரண்டு பாவாடை, ஒரு கம்பளி, மூன்று ஜட்டி. ஒதீலியா மேலே வந்து நின்றாள். வழக்கமான கேலி அவள் வாயிலிருந்து வரவில்லை. "மெத்தையை நான் பார்த்துக்கறேன், நீங்க கிளம்புங்க" என்று மட்டும் சொன்னாள். இனி எந்த மெத்தைக்கு வெயில் காட்ட வேண்டும்?

கடைசியாகப் பெட்டியை எடுத்து வயரைச் சுற்றி மூட்டைக்குள் வைத்தேன். யுனுவென் அதை வெளியே எடுத்தாள். கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அங்க மணி அடிச்சா நான் எந்தப் பக்கம் ஓடணும்?"

நான் அந்த விடுதியைப் பார்த்ததில்லை. அதன் படிக்கட்டு எந்தப் பக்கம், கக்கூஸ் எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.