நாலு கருணை மதிப்பெண்

பேரையூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பளியர் குடியிருப்பில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருபத்தொரு பேர். அவர்களில் எத்தனை பேருக்கு மறதி நோய் இருக்கிறது என்று கண்டறிவது என் வேலை. ஏப்ரலில் ஏழு நாள், கோச்சடையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, பேரையூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, நாளைக்கு மூன்று பேர் வீதம் கேள்வித்தாளை நிரப்பினேன்.

கேள்விகளுக்கு மொத்தம் முப்பது மதிப்பெண். இன்றைக்கு என்ன தேதி? கலெக்டர் ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறது? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள். நான் சொல்லும் மூன்று பொருள்களை ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள். இப்படிப் போகும். இருபதுக்குக் கீழே வாங்கினால் மறதி இருக்கலாம் என்று அர்த்தம்.

மொக்கையன் வீட்டில் நடந்ததை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டுப்படி அவருக்கு அறுபத்து நாலு வயது. மனைவி இல்லை. அடுத்த வீட்டில் அவருடைய கடைசித் தங்கை ஒச்சாயி, கணவன் பேயாண்டியோடு இருக்கிறாள். அண்ணனுக்குச் சோறு போடுவதும் அவள்தான். உள்ளே போனதும் உட்கார இடம் பார்த்தேன். மூலையில் கனமான நீல நைலான் கயிறு சுருட்டிக் கிடந்தது. அதை நகர்த்தக் கை நீட்டியபோது ஒச்சாயி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அதத் தொடாதீக டீச்சர். தேன் கயிறு. அண்ணனத் தவிர யாரும் தொடக் கூடாது.”

காரணத்தையும் சொன்னாள். தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கு, மேலே மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு அவன் ஏறி வரும்வரை முடிச்சுக்குப் பக்கத்தில் காவல் இருப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும். சொந்தத் தம்பியைக்கூட நம்புவதில்லை. தன் கூடப்பிறந்தவளை விதவையாக்க எவனுக்கும் கை வராது என்பதுதான் அதில் இருக்கும் நம்பிக்கை. ஒச்சாயிக்கு உயிரோடு இருக்கும் உடன்பிறந்தான் மொக்கையன் ஒருவர்தான்.

நான் கேள்வி கேட்க, அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒச்சாயி வாயசைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பரிட்சையில் பிட்டு கொடுக்கக் கூடாது என்று சிரித்துக்கொண்டே அவளை வாசலுக்கு அனுப்பினேன். அதன்பிறகு மொக்கையன் வாங்கியது பதினேழு. மற்றவர்களும் அதைச் சுற்றித்தான் வாங்கியிருந்தார்கள். ஆனால் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டபோது அவர், நானும் என் தம்பியும், தம்பி விறகுக்குப் போயிருக்கிறான் என்றார். வெளியே வந்து ஒச்சாயியிடம் கேட்டேன். அந்தத் தம்பி இறந்து பதினோரு வருஷம் ஆகிறது, அண்ணன் வாய் தவறிச் சொல்லியிருக்கும் என்றாள். அதை எழுதத் தாளில் கட்டம் இல்லை. பென்சிலால் பின்பக்கம் குறித்து வைத்தேன்.

தாள்களைச் சிம்மக்கல் ஆபீசில் கொடுத்த மறுநாள் எங்கள் கணக்கெடுப்பின் மேற்பார்வையாளர் சூர்யபிரகாஷ் போன் செய்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

“ஐரின் அக்கா, இருபத்தொரு பேருல பதினெட்டுப் பேருக்கு மறதியா? அந்த ஊருத் தண்ணியில என்னத்தக் கலக்குறாங்க?”

பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு நாலு மதிப்பெண் கூட்டிப் போட வேண்டும், அதுதான் விதி என்றான். எனக்கும் நியாயமாகவே பட்டது. கலெக்டர் ஆபீஸ் எங்கே என்று தெரியாதது ஒரு நோயா? மேலூரில் நான் படித்த பள்ளியிலும் நாலு மார்க் கருணை போட்டுத்தான் பல பேரைத் தேற்றிவிட்டார்கள். தாள்களைத் திரும்ப வாங்கிவந்து, சிவப்பு மையால் எல்லாவற்றிலும் கூட்டினேன். இருபதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. மறதியே இல்லாத ஊர் ஆகிவிட்டது.

மாதக் கடைசியில் ஒச்சாயியே போன் செய்து அண்ணனைப் பற்றிக் கேட்டாள். இருபத்தொன்று, பாஸ் என்றேன்.

“நெசமாவா டீச்சர்? தாள்லயே அப்படித்தான் இருக்கா?”

தாளிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

மே ஏழாம் தேதி, விட்டுப்போன கைநாட்டுகளை வாங்கத் தாள்களோடு மறுபடியும் போனேன். மணி பத்தரை. மொக்கையன் வீட்டு மூலையில் கயிறு இல்லை. ஒச்சாயி தன் வீட்டு வாசலில் மலையைப் பார்த்து நின்றிருந்தாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. விடிந்ததும் இருவரும் தேனுக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். பேயாண்டி இந்த வருஷம் அண்ணனை நம்பி இறங்கத் தயங்கினான், நீங்கள் சொன்னதைச் சொல்லித்தான் நானே அனுப்பிவைத்தேன் என்றாள். பிறகு என் கைப்பையைப் பார்த்தபடி சொன்னாள்.

“கெளம்பும்போது அண்ணே என்னைய மூணு தரம் கேட்டுச்சு டீச்சர், எங்க போறோம்னு.”

பையிலிருந்து அவருடைய தாளை எடுத்தேன். முன்பக்கம் சிவப்பில் இருபத்தொன்று. பின்பக்கம் பென்சிலில், செத்துப்போன தம்பி. தாளை மடித்து வைத்துவிட்டு, வா, போவோம் என்றேன்.

ஒற்றையடிப் பாதை. ஒச்சாயி முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் மூச்சு வாங்கப் பின்னால் போனேன். முக்கால் மணி நேரம் ஏறியிருப்போம். எதிரே சருகு மிதிபடும் சத்தம். மொக்கையன் இறங்கி வந்துகொண்டிருந்தார். தனியாக. தலையில் ஒரு விறகுக் கட்டு. முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை, வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் முகம்.

ஒச்சாயி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விறகுக் கட்டையே பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். கைப்பிடி விறகுதான் இருக்கும். அதன்மேல் சுற்றிச் சுற்றி, விறகே தெரியாத அளவுக்கு, நீல நைலான் கயிறு.

“அண்ணே, அவுக எங்க?”

“எவுக?”

அவள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அவ்வளவுதான். அவள் விறகுக் கட்டை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அண்ணனின் கையைப் பிடித்து மேலே திருப்பினாள். அவர் குழந்தை மாதிரிக் கூடவே வந்தார். வழியில் ஒரு தரம் நின்று, என்னைக் காட்டி இந்தப் பொம்பளை யார் என்று அவளிடம் கேட்டார்.

பாறைக்கு மேலே காற்று பலமாக அடித்தது. விளிம்பில் நின்று ஒச்சாயி கூப்பிட்டாள். முதல் தடவை பதில் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. நான் ஜெபத்தின் முதல் வரிக்கு மேல் போக முடியாமல் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை, கீழேயிருந்து கம்மிய குரல் வந்தது. பேயாண்டி பாதிப் பாறையில், ஒரு ஆள் ஒண்டி நிற்கும் திட்டில் இருந்தான். தேனடைக்கு எட்டுவதற்காக இடுப்புக் கயிற்றைக் கழற்றிய நேரத்தில் கயிறு தானாக மேலே போய்விட்டதாம். கலைந்த தேனீக்கள் இன்னும் அவனைச் சுற்றிக்கொண்டிருந்தன. எட்டு மணியிலிருந்து அப்படியே நிற்கிறான்.

இனி கயிற்றைக் கட்ட வேண்டும். ஒச்சாயிக்கு அந்த முடிச்சு தெரியாது. எனக்குத் தெரிந்தது தாள் கட்டும் முடிச்சு. அவள் விறகை உதறிவிட்டு, கயிற்று நுனியை அண்ணன் கையில் வைத்து மரத்தைக் காட்டினாள். மொக்கையன் மரத்தைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். அந்த நேரத்தில் என்ன தேதி என்று கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. பிறகு அவர் விரல்கள் ஓடின. மூன்று சுற்று, உள்ளே ஒரு மடிப்பு, காலை மரத்தில் ஊன்றி ஒரு இழுப்பு. கண்ணால் பார்க்கக்கூட இல்லை.

மறுமுனையைக் கீழே விட்டோம். பேயாண்டி உடனே பிடித்துக்கொள்ளவில்லை.

“முடிச்சு யாரு போட்டது?”

ஒச்சாயி என்னைப் பார்த்தாள். “அண்ணன்தான்” என்று கத்தினாள். அது பொய் இல்லை.

கயிறு விறைத்தது. மரப்பட்டை நெரிந்தது. அவன் ஏறத் தொடங்கிவிட்டான் என்பது அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் மொக்கையன் முடிச்சுக்குப் பக்கத்தில் சரியாகவே உட்கார்ந்திருந்தார். பிறகு சிதறிக் கிடந்த விறகு அவர் கண்ணில் பட்டது. அதைக் கட்ட வேண்டும் என்று முனகினார். அவர் வலது கை முடிச்சுக்குப் போனது. கட்டின அதே வேகத்தில் மடிப்பை நெம்ப ஆரம்பித்தது.

ஒச்சாயி அந்தக் கையின்மேல் விழுந்தாள். நான் இடது கையைப் பிடித்தேன். அறுபத்து நாலு வயதுக் கை அது, இரும்பு மாதிரி இருந்தது. அவர் கோபப்படவில்லை. ஏன் இந்தப் பொம்பளைகள் இப்படிச் செய்கிறார்கள் என்று புரியாமல், பொறுமையாக, விடாமல் முடிச்சை நோக்கியே இழுத்தார். அவள் அவர் காதில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, கயித்துல எம் புருசன் வாராக. நான் ஒச்சாயிண்ணே. எம் புருசன் வாராக.”

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. விளிம்பில் ஒரு கை வந்தது. பிறகு தலை. முகமெல்லாம் கொட்டு வாங்கி ஒரு கண் மூடியிருந்தது. பேயாண்டி மேலே ஏறி மண்டியிட்டு, எங்கள் மூவரையும் பார்த்தான். ஏதோ கேட்க வாயைத் திறந்தான்.

அதற்குள் மொக்கையனின் கை தளர்ந்தது. முகம் மலர்ந்தது.

“வா மாப்ள. தேன் எம்புட்டு?”

பேயாண்டி வாயை மூடிக்கொண்டான். மொக்கையனே கயிற்றை அவிழ்த்து, ஒழுங்காகச் சுருட்டி, தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

குடியிருப்புக்கு வந்ததும் பையிலிருந்து இருபத்தொரு தாளையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் சிவப்பு மையில் கூடுதல் நாலு. பள்ளிக்கூடம் போகாதவர் யார், நிஜமாகவே மறந்தவர் யார், இரண்டையும் ஒரே மையால் நானே மூடியிருந்தேன். பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். இதில் கயிற்றுக் காவல் இருப்பவர்கள் யார் யார், நாளைக்கு யார் போகிறார்கள் என்று ஒச்சாயியிடம் கேட்டேன்.

அவள் விரலை மடக்கத் தொடங்கினாள். நாலாவது விரலில் நின்று, எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே வாசலில் ஒரு கிழவர் கயிற்றை வெயிலில் காயப்போட்டுவிட்டு, அது யாருடையது என்று தெரியாதவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.