டீ செல்களுக்கு ஒரு கிளாஸ்

உள்ளுறுப்புகளுக்கெல்லாம் நன்றி சொல்லும் வழக்கம்தான் மனிதகுலத்தின் முன்னேற்றத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. இதைக் கல்லூரிப் பத்திரிகையில் நான்கு பக்கத்துக்கு நிரூபித்திருக்கிறேன். மறுத்து ஒருவரும் எழுதவில்லை. படித்ததாகவும் ஒருவரும் சொல்லவில்லை.

ஆராய்ச்சிக்கு ஆதாரம் என் அம்மா. ஓர் அலுவலக கேன்டீனில் டீ போடுகிறாள். என்னைப் பெற்றபோது ஏற்றிய ரத்தத்தோடு ஹெபடைடிஸ் சி வைரஸும் ஏறியிருக்கிறது. இருபத்தொரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இத்தனை வருஷம் வைரஸோட சண்டை போட்டு, உடம்பைக் காக்குற உங்க டி செல்லெல்லாம் களைச்சுப் போச்சும்மா. எதிரி முன்னாடி நின்னாலும் கையைத் தூக்க முடியாத களைப்பு. மூணு மாசம் மாத்திரை. அது முடிஞ்சு மூணு மாசத்துல டெஸ்ட். அப்பவும் வைரஸ் இருந்தா, ஈரல் ரொம்ப நாள் தாங்காது."

அம்மாவின் காதில் ஏறியது ஒன்றுதான்: டீ செல்.

மறுநாள் முதல் இரண்டு கிளாஸ் ஊற்றினாள். முதலாவது அவளுக்கு. இரண்டாவதைக் குடிக்கும்போது வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தைத் தட்டிக்கொடுப்பாள். "குடிங்கப்பா, ரொம்ப உழைச்சிட்டீங்க."

"அம்மா, அது இங்கிலீஷ் எழுத்து. குடிக்கிற டீ இல்ல."

"எந்த எழுத்தா இருந்தா என்னடா? இருபத்தொரு வருஷம், ஒரு நாள் லீவு போடல. உங்கப்பா ஒரு வேலையில இருபத்தொரு நாள் நின்னதில்ல."

"அதுங்களுக்குக் காது கிடையாதும்மா."

"உனக்கு ரெண்டு இருக்கு. என்ன பிரயோஜனம்?"

இந்த உரையாடலையும் கட்டுரையில் சேர்த்தேன்.

டெஸ்ட் முடிவை வாங்க நான்தான் போனேன். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தேன். அச்சு மங்கலாக இருந்திருக்க வேண்டும்.

"வைரஸ் இல்லப்பா. சுத்தமாப் போயிடுச்சு" என்றார் டாக்டர்.

"அந்த செல்லெல்லாம்?"

"கொஞ்சம் தேறும். முழுசாப் பழையபடி ஆகாது. இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சதே பெரிசு."

கேன்டீனில் பதினோரு மணி டீ முடிந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். குழாயை மூட மறந்து அப்படியே நின்றாள். நான் மூடினேன்.

"நீ உக்காரும்மா" என்று அடுப்பைப் பற்றவைத்தேன்.

இரண்டு கிளாஸ் ஊற்றினேன். முதலாவதை அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இரண்டாவதை அவளுடைய வலப்பக்கம் வைத்தேன். கதவுப் பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு அவளுடைய விலாவருகே குனிந்தேன்.

"சர்க்கரை போதுமாங்க?"