தலையணைக்குத்தானே

ஆரணியில் முடி பொசுங்கும் வாசனை வந்தால் யாரும் பதறமாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். புடவை ஓரத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டும்போது அந்த வாசனை வந்தால் அது அசல் பட்டு. பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகி உருண்டையானால் பாலியஸ்டர். எங்களூரில் இதற்கு யாரும் பாடம் எடுப்பதில்லை, பால் பொங்கிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பதுபோல எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். அதனால்தான் என் அக்கா சத்யப்ரியா தன் தலையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது எங்களுக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. உள்ளறையிலிருந்து வாசனை வரும். அம்மா சமையற்கட்டில் இருந்தபடியே "சுத்தப் பட்டு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு வெங்காயத்தைத் தொடர்வாள்.

அக்காவுக்குச் சுருட்டை முடி. உள்ளே போன சீப்பு வெளியே வர விண்ணப்பம் போட வேண்டும். ஆனால் அவளுக்கும் முடிக்கும் நடுவே ஒரு தகராறும் இருந்ததில்லை. பெண் பார்க்க வந்த கோபிநாத் மாமாதான் காபியை உறிஞ்சிக்கொண்டே, "முடி மட்டும் நேரா இருந்தா போட்டோவுல இன்னும் நல்லா வரும்" என்றார். அவருக்குக் கடைத்தெருவில் சொந்தப் பட்டுக் கடை. எதைப் பார்த்தாலும் மடிப்புக் கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கிற கண். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு முடியை நேராக்கும் மிஷின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தனுப்பினார். மற்றவர்கள் மோதிரம் கொடுப்பார்கள். இவர் இஸ்திரிப் பெட்டி கொடுத்தார்.

அக்கா ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டாள். அவர் கேட்டு அவள் செய்கிற முதல் காரியம். ஆவணியில் கல்யாணம், ஆடி பிறப்பதற்குள் முடி உடைய ஆரம்பித்துவிட்டது. உதிர்வது வேறு, அது வேரோடு வரும். இது நடுவிலேயே முறிந்து தரையெல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது.

"டேய் அஜித்து, கல்யாணத்தன்னிக்கு மண்டையில ஏதாவது மிச்சம் இருக்குமாடா?"

"காது இருக்கும். பூவ அதுல மாட்டிக்கலாம்."

சீப்பு பறந்து வந்தது. நான் குனிந்து நிமிர்ந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். 

நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் படித்ததில் வீட்டுக்கு உபயோகமானது முடி விஷயம் ஒன்றுதான், அதுவும் அங்கே சொல்லித்தராதது. நானே தேடிப் படித்து அக்காவின் தலைக்குப் பொறுப்பேற்றேன். முதல் வேலையாக மிஷினின் சூட்டை இறக்கினேன். ஈர முடியில் அதை வைக்கவே கூடாது, உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்து முடியை வெடிக்க வைத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, சூடு தாங்குகிற திரவத்தைத் தடவி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரே இழுப்பு. போன இடத்துக்கே திரும்பப் போகக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவைதான். கை எட்டாத பின்பக்கத்தை நானே இழுத்துவிட்டேன். கடைசி விதி: பருத்தி உறை முடியை உரசும், பட்டு உறை போட்ட தலையணையில் படுக்க வேண்டும்.

இதற்கு வீடே சிரித்தது. ஆரணியில் பட்டை நெய்வார்கள், விற்பார்கள், பீரோவில் பூட்டி வைப்பார்கள். அதில் தலை வைத்துத் தூங்கியவர் யாரும் கிடையாது.

அக்கா போனில் சொன்ன மறுநாளே மாமாவின் கடையிலிருந்து உறை வந்துவிட்டது. மாம்பழ மஞ்சள், நடுவில் கையகலத்துக்கு ஜரிகை. "அசல் பட்டு. உனக்காகவே தைக்கச் சொன்னேன்" என்று கூடவே ஒரு குரல் பதிவு. அக்கா அதை எத்தனை தடவை கேட்டாள் என்று சொன்னால் என்னை வீட்டை விட்டுத் துரத்திவிடுவாள். உறையை அம்மாவைக்கூடத் தொட விடவில்லை.

கொஞ்ச நாளில் வலது பக்கம் உடைவது நின்றது. இடது பக்கம் நிற்கவில்லை. அக்கா எப்போதும் இடது பக்கம்தான் சாய்ந்து படுப்பாள். தலையணையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஜரிகை முழுக்க முடித்துண்டுகள் சிக்கியிருந்தன. ராத்திரியெல்லாம் ரம்பத்தில் தலையைத் தேய்த்திருக்கிறாள். எனக்கே இது முதலில் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் ஜரிகை இல்லாத பட்டைப் பட்டென்று ஒத்துக்கொள்ள எங்களூரில் ஆள் ஏது?

"மாமா பாசத்துல ஜாஸ்தி மினுக்கிட்டாரு. இத மட்டும் பிரிச்சுட்டா சரியாப்பூடும்."

"பட்டு கிழியாம பிரிடா" என்று அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பிரிக்கும்போது மஞ்சள் இழை ஒன்று கையோடு வந்தது. சந்தேகம் ஒன்றும் இல்லை. பிரிந்த இழையும் தீப்பெட்டியும் ஒரே இடத்தில் இருந்தால் ஆரணிக்காரன் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

இழை சுருங்கி, உருகி, கறுப்பு மணியாக உருண்டது. சமையற்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வரவில்லை.

அக்கா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, அந்த உறை பட்டுதானே?"

"ஆமா, இன்னா இப்போ?"

"தம்பி கொளுத்திப் பார்த்தான். உருகுது."

அந்தப் பக்கம் யாரோ புடவைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தலையணைக்குத்தானே" என்றார் மாமா. "எண்ணெ படும், எச்சில் படும். அதுக்குப் போய் அசல வெட்டுவாங்களா?"

"அசல்னு சொன்னீங்களே."

"சொன்னா சந்தோஷப்படுவேன்னு சொன்னேன். சந்தோஷமாத்தானே இருந்த?"

அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். போனை வைத்துவிட்டு நேராகப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். காய்ந்தபோது முடி பழையபடி சுருண்டது. பொசுங்கின நுனிகள் மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

வெள்ளிக்கிழமை மாமாவும் அவர் அம்மாவும் கல்யாணப் புடவையோடு திடீரென்று வந்தார்கள். அப்பா வேலூர் போயிருந்தார். அம்மா காபி போட ஓடினாள். அக்கா சுருட்டையோடு வந்து உட்கார்ந்தாள்.

மாமா தலையைப் பார்த்தார். "மிஷின் ரிப்பேரா?"

"நல்லாத்தான் கீது" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அக்கா புடவையை மடியில் பிரித்தாள். அரக்குச் சிவப்பு. ஓரத்தில் விரலை ஓட்டி ஓர் இழையை உருவினாள்.

"டேய், தீப்பெட்டி."

கடையில் வாங்குவதற்கு முன்னால் யாரும் செய்வதுதான். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கல்யாணப் புடவைக்கு யாரும் செய்வதில்லை.

"இன்னாம்மா இது, மங்கலப் பொருளப் போயி..." என்று மாமாவின் அம்மா எழுந்தேவிட்டார்.

"கொளுத்தட்டும்மா" என்றார் மாமா, கால்மேல் கால் போட்டுக்கொண்டு. "இது அசல்."

கொளுத்தினேன். முடி பொசுங்கும் வாசனை கூடமெங்கும் பரவியது.

"சுத்தப் பட்டு" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து, பழக்கத்தில்.

"பார்த்தியா?" என்று மாமா கையை விரித்தார். "நான்தான் சொன்னேன்ல."

அக்கா மடிப்பு மாறாமல் புடவையை மடித்தாள். தட்டில் வைத்து, அதன்மேல் அந்த மிஷினையும் கொண்டுவந்து வைத்தாள்.

"சொன்னீங்க. ஆனா கொளுத்தினப்புறம்தாங்க நம்பினேன். நீங்க சொல்ற ஒவ்வொண்ணையும் இப்படிக் கொளுத்திப் பார்த்துக்கினு என்னால குடித்தனம் பண்ண முடியாது. எடுத்துக்கினு போங்க. அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்."

"ஒரு தலகாணி உறைக்கா?" என்றார் மாமா. முதல்முறையாகக் காலைக் கீழே இறக்கியிருந்தார்.

"தலையணைக்குத்தான்" என்றாள் அக்கா.

அம்மா காபித் தட்டோடு வந்தபோது கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். வாசலில் வண்டி கிளம்புகிற சத்தம். அம்மா அக்காவைப் பார்த்தாள், பிறகு என்னை.

"பட்டு நல்லாத்தானேடா இருந்துச்சு?"

"பட்டு நல்ல பட்டுதாம்மா" என்றேன்.