முழியன் சாப்பிடும் நேரம்

…அழட்டும், அழுது அழுது பசித்தால் தானாக வாயைத் திறப்பான், இதற்குப் போய் நான் ஏன் இந்தக் கதவையே பார்க்கிறேன், கதவுக்கு அந்தப் பக்கம் அழுவது நான் பெற்ற பிள்ளையா என்ன, விடுமுறைக்கு வந்து போகிற ஆள் நான், இன்றைக்குக் கொடுத்த வேலை துணி மடிப்பது, பேசாமல் மடி. சாப்பிடும்போது குழந்தைகள் கழுத்தில் கட்டுகிற துண்டுத் துணிகள், எவ்வளவு துவைத்தாலும் கறை போகாதவை, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் துணி அறைக்கும் குழந்தைகள் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு, மேல்பாதி கண்ணாடி, யாரோ அதில் வாத்துப் படங்களை ஒட்டியிருக்கிறார்கள், இரண்டு வாத்துகளுக்கு நடுவே கண்ணை வைத்தால் உள்ளே தெரியும், ஆனால் கிட்டவே போகக் கூடாது என்று கறார் உத்தரவு. அந்த அறையின் பொறுப்பாளருக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கிற பெயர்தான் கறார். நம் பாஷைக்காரப் பெண்மணி, கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர், இந்த அநாதைக் குழந்தைகள் காப்பகத்தில் நான் வாய்விட்டுப் பேசக்கூடிய ஒரே ஆள், ஆனால் பேச்சில் பாதி 'கூடாது'தான். காலையில் உள்ளே நுழைந்ததும் சொன்னார், “அண்ணா, இன்னைக்கு நீங்க அவன் கண்ணுல படவே கூடாது. இருமக்கூட கூடாது, உங்க இருமல் அவனுக்குத் தெரியும்.” என் இருமலைத் தெரிந்து வைத்திருக்கிற ஜீவன் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, அதை அவரிடம் சொல்ல முடியுமா, நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினேன்.

நான் இங்கே வந்து மாட்டிக்கொண்டதே லிஃப்டால்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பது என் தொழில், இந்தக் காப்பகத்தில் மாடிக்குச் சாப்பாடு ஏற்றுகிற லிஃப்ட் நடுவில் நின்றுபோனபோது நான்தான் வந்து சரிசெய்தேன், கிளம்பும்போது வாசலில் ஒரு அறிவிப்பு, வருஷக் கடைசி விடுமுறையில் ஊழியர்கள் பாதிப் பேர் ஊருக்குப் போகிறார்கள், உதவிக்கு ஆள் வேண்டும் என்று. ஊருக்குப் போக இந்த வருஷம் என் முறை இல்லை, கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள், அறையில் இருந்தவர்களெல்லாம் பெட்டி கட்டிப் போய்விட்டார்கள், அடுக்குக் கட்டில்களில் நான் மட்டும் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பதற்கு இது பரவாயில்லை என்றுதான் வந்தேன், பெரிய தர்ம சிந்தனை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வந்த அன்று முழியனைப் பார்த்தேன், அதுவும் நான் வைத்த பெயர்தான். மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் முழித்து முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான், அழ மாட்டான், சிரிக்க மாட்டான், கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வான். நாற்காலியில் உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்… சொன்னார்கள்தான், யார் இல்லை என்றது, ஆனால் உட்கார வைத்தால் அவன் சாப்பிடவில்லையே. நம் வீடுகளில் குழந்தையை யார் நாற்காலியில் கட்டி ஊட்டுகிறார்கள், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன், ஜன்னல் ஜன்னலாக நடந்தேன், அதோ பார் குப்பை லாரி, அதோ பார் நாய், அது எங்கே போகுது, ஆ காட்டு, நாய்க்கு ஒரு வாய் உனக்கு ஒரு வாய்… அவனுக்கு நம் பாஷை தெரியாது, நாய்க்கும் தெரியாது, ஆனால் வாய் திறந்தது. கிண்ணம் காலியானதைப் பார்த்து அங்கிருந்த உதவிப் பெண்கள் கைதட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான், அதற்கு மறுநாள் நான் கழிப்பறைக்குப் போனதற்கு அழுதான், முழியன் அழுகிறான் முழியன் அழுகிறான் என்று எல்லாரிடமும் சைகையில் சொல்லித் திரிந்தேன், பட்டம் வாங்கிய மாதிரி.

கறார் அப்போது லீவில் இருந்தார், முந்தாநாள்தான் திரும்பினார். வந்ததும் நான் அவனை இடுப்பில் வைத்து நடப்பதைப் பார்த்தார், கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “லீவுல எல்லாரும் வருவீங்க, நல்ல மனசுதான், நான் இல்லேன்னு சொல்லல. லீவு முடிஞ்சா போயிடுவீங்க. அப்புறம் இவனை இடுப்புல வெச்சுக்கிட்டு யார் நடக்கிறது? எனக்கு ரெண்டு கைதான் இருக்கு, இங்க இருக்கிற வாயெல்லாம் எண்ணிப் பாருங்க.” சுருக்கென்றது, என்ன பெரிய சட்டம் பேசுகிறார், பட்டினியாக இருந்த பிள்ளை சாப்பிட்டது தப்பா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். நாளைக்குக் கம்பெனி திறக்கிறது, விடிவதற்கு முன் வண்டி ஏறினால் இருட்டித்தான் இறங்குவேன், மறுபடி எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது. நேற்று கறார் என்னை இந்தக் கதவு வழியாக வெளியே அனுப்பிவிட்டு அவனை நாற்காலியில் வைத்தார், பகல் முழுக்க ஒரு வாய் இறங்கவில்லை, துப்பினான், தட்டிவிட்டான். மாலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாராம். அந்தக் குருவி மூக்கில் எங்கே குழாய் போடுவார்கள்… கடவுளே, ஒரு வாய், ஒரே ஒரு வாய், அதற்குப் பிறகு தானாகப் போய்விடும். நான் உள்ளே போனால் சாப்பிடுவான், இந்த நிமிஷம் கதவைத் திறந்தால் போதும், ஆனால் நாளைக்கு? எனக்கு இடுப்பில் வைத்து ஊட்டத் தெரியும் என்பதே சிரிப்புத்தான், என் மகளுக்கு நான் ஒரு வாய் ஊட்டியதில்லை, தவழ ஆரம்பித்த சமயத்தில் விமானம் ஏறியவன், மனைவி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பதைப் போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் இந்த வித்தையெல்லாம். நான் கிளம்பிய வாரம் மனைவி போனில் சொன்னாள், கவலைப்படாதீங்க, ரெண்டு நாள் தேடி அழுதா, அப்புறம் சரியாயிட்டா. நிம்மதி என்றுதான் சொன்னேன். இப்போதெல்லாம் அப்பாவிடம் பேசு என்று போனைக் கொடுத்தால், அப்புறம் என்கிறாள், விளையாட்டு மும்முரம், குழந்தைதானே… போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பேன், யாராவது பார்த்தால் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பார்கள்.

சத்தம் மாறுகிறது. வீறிட்டவன் இப்போது விட்டுவிட்டு அழுகிறான், நடுவில் ஒரு விக்கல், கறாரின் குரல் அடங்கி, ஒரே சீராக, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. மற்ற குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. லிஃப்ட் எங்கே சிக்கியிருக்கிறது என்று கதவில் காதை வைத்தே சொல்லிவிடுவேன், கம்பெனியில் அதற்காகவே என்னைக் கூப்பிடுவார்கள், இங்கே ஒன்றும் பிடிபடவில்லை. இதோ… நின்றுவிட்டது. அழுகை இல்லை, விக்கல் இல்லை. சாப்பிடுகிறானா, இல்லை களைத்துப்போய் அடங்கிவிட்டானா, இரண்டுக்கும் ஒரே மௌனம்தானா? என் மகள் சரியாகிவிட்டாள் என்றார்களே, அது எந்த மௌனம், அன்றைக்கு நான் ஏன் கேட்கவில்லை? கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம், ஒரு முறை, கொஞ்சம் பொறுத்து மறுபடி. சாப்பிடுடா ராஜா, சாப்பிடு… கையில் இருந்த துணியைக் கயிறு மாதிரி முறுக்கி வைத்திருக்கிறேன்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது, கறார் தலையையும் ஒரு கையையும் மட்டும் நீட்டினார், வேறு துணி வேண்டுமாம், அவருடைய மூக்குக்கண்ணாடியிலேயே சாப்பாடு தெறித்திருந்தது, தலைமுடி கலைந்திருந்தது, இந்த மூன்று நாளில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது இப்போதுதான். “வாயைத் திறந்துட்டான் அண்ணா. பாதிக் கிண்ணம் போயிடுச்சு,” என்றார் குசுகுசுவென்று. குழாய் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், அந்த மனுஷியின் காலைக் கட்டிக்கொண்டு கும்பிடலாம், அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், வந்தது வேறு. “என்னைத் தேடினானா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் கேட்டது என் காதிலேயே விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முன்கையில் துடைத்துக்கொண்டார். “தேடினான். நேத்து பூரா இந்தக் கதவையேதான் பாத்துக்கிட்டிருந்தான். இன்னைக்குப் பாக்கல.” துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்றைக்குப் பார்க்கவில்லை. நல்லதுதானே, இதற்குத்தானே காலையிலிருந்து வேண்டிக்கொண்டேன், போய் மிச்சத் துணியை மடித்துவிட்டுக் கிளம்பலாம்… வாத்துகளுக்கு நடுவே கண்ணை வைத்தேன். கதவுக்கு முதுகைக் காட்டி அவனை உட்கார வைத்திருக்கிறார், பின்கழுத்து தெரிகிறது, பூனைமயிர் வியர்வையில் ஒட்டியிருக்கிறது, மெல்லும்போது காது இரண்டும் அசைகின்றன. கரண்டி வருகிறது, வாங்கிக்கொள்கிறான், மறுபடி வருகிறது. திரும்பினால் என் முகம் தெரியும், தெரிந்தால் எல்லாம் பாழ், வாயில் இருப்பதையும் துப்பிவிட்டுக் கையை நீட்டுவான், நேற்று மாதிரியே நாளைக்கும். திரும்பிவிடாதே, தங்கமே, திரும்பிவிடாதே என்று சொல்லிக்கொண்டே நிற்கிறேன், ஓரடி தள்ளி நின்றால் போதும், திரும்பினாலும் ஒன்றும் ஆகாது, அந்த ஓரடியை எடுத்து வைக்காமல் நின்றுகொண்டே இருக்கிறேன்.