யாசர் ஆடாமல் நின்ற படம்

ஜெரார்ட் சொல்லி ஒருவன் அப்படியே கேட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதுவும் வினையாகிப் போனது.

போன மாதம் சிங்கப்பூரின் வடக்கே, மார்சிலிங் பக்கத்துப் படகுத்துறையில், பொழுது சாயும் நேரம், முக்காலியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு நின்றான். வானம் கண்ணைக் கூசவைத்தது, துறையோ கரிக்கட்டை. வானத்துக்குப் பார்த்து எடுத்தால் துறை காணாமல் போகும். துறைக்குப் பார்த்து எடுத்தால் வானம் வெளுத்துவிடும். ஆகவே ஒரே காட்சியை இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக என்று மூன்று படமாகச் சுட்டு, பிறகு கணினியில் ஒன்றாகச் சேர்ப்பான். இடையில் யாராவது அசைந்தால் சேர்த்த படத்தில் ஆவிபோலக் கலங்கித் தெரிவார்கள்.

துறையின் கோடியில் தூண்டிலோடு யாசர். தொடக்கப்பள்ளியிலிருந்தே கூட்டாளி, இப்போது தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருக்கிறான்.

"டேய், ஆடாம நில்லு லா. மூணு எடுக்கணும்."

"மீன் கடிச்சா?"

"கடிக்கட்டும். நீ ஆடாத."

யாசர் நின்றான். அணிவகுப்பில்கூட அவன் அப்படி நின்றதில்லை என்று கேள்வி.

கேமராத் திரையில் அவன் வெறும் நிழல். சேர்த்த பிறகுதான் முகம் வந்தது. மூக்கு, மீசைக்கு ஒதுக்கி வைத்த இடம், சட்டைப் பொத்தான், எல்லாம். பூரித்துப்போன ஜெரார்ட் அதைத் தன்போன்ற பாலிடெக்னிக் மாணவர்களுக்கான புகைப்படப் போட்டிக்கு அனுப்பினான். இறுதிச் சுற்றுக்குத் தேறியது. ஏற்பாட்டாளர்கள் எடுத்த தேதியோடு இன்ஸ்டாகிராமில் போட்டார்கள்.

சனிக்கிழமை தேக்கா சென்டர் சாப்பாட்டுக் கடையில் யாசர் எதிரே வந்து உட்கார்ந்தான். தே ஒரு கோப்பை வாங்கினான், குடிக்கவில்லை.

"அன்னைக்கு நான் எம்.சி.டா. காய்ச்சல்னு டாக்டர் குடுத்த லீவு. எம்.சி.ன்னா வீட்ல படுத்திருக்கணும்."

"நீ சொல்லவே இல்லையே."

"நீ ஆடாதன்னு மட்டும்தானே சொன்ன. எங்க சார்ஜன்ட்டுக்கு மீன்பிடிப் பைத்தியம். தூண்டில் என்ன பிராண்டுன்னு பாக்க ஸூம் பண்ணிருக்காரு. அப்புறம் என்னைப் பாத்திருக்காரு."

"என்ன சொன்னாரு?"

"நல்ல தூண்டில்னாரு. திங்கக்கிழமை விளக்கம் குடுக்கணும்னாரு. சார்ஜ் பண்ணா உள்ள போட்டுடுவாங்க லா."

"காய்ச்சல் பொய்யா?"

"காலையில நெஜம். சாயந்தரம் விட்டுருச்சு. ரூம்ல தம்பிங்க ரெண்டு பேரும் கேம் ஆடுறானுங்க. எவ்வளவு நேரம்தான் சுவத்தைப் பாத்துட்டே படுக்கிறது?" யாசர் குரலைத் தாழ்த்தினான். "நீ எப்படியும் மூணு படத்த சேக்கிறவன்தானே? என்னை வேற நாள் படத்துலேர்ந்து வெட்டி ஒட்டினேன்னு எழுதிக் குடு."

 போட்டியில் ஒரே காட்சியின் படங்களைச் சேர்க்கலாம். வேறு படத்திலிருந்து எதையாவது ஒட்டினால் வெளியே. அதுகூடப் பரவாயில்லை. இந்தப் பருவம் முழுக்க ஜெரார்ட் தன் விரிவுரையாளர் எட்மண்டோடு மல்லுக்கட்டியதே இதற்குத்தான். "இதெல்லாம் ஒட்டு வேலைப்பா" என்பார் அவர். "இல்ல சார், மூணும் ஒரே காட்சி, ஒண்ணும் புதுசா சேக்கல" என்பான் இவன். வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் யார் பக்கமும் இல்லை.

"உங்க அம்மாக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

ஞாயிற்றுக்கிழமை ஜெரார்ட் எழுதினான். மீன்பிடிப்பவரின் உருவம் முந்தைய வாரப் படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது, வருந்துகிறேன். ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று, யாசரின் சார்ஜன்ட்டுக்கு ஒன்று. பொய்யை எழுதுவது கட்டுரை எழுதுவதைவிடச் சுலபமாக இருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை சார்ஜன்ட் யாசரை விட்டுவிட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் ஒட்டுவார்கள் என்பதை நம்ப அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. அன்றே போட்டிப் பக்கத்திலிருந்து படம் போனது.

மறுநாள் எட்மண்ட் ஜெரார்டை அறைக்கு அழைத்தார். கிண்டலுக்குத் தயாராகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எனக்கு உன் படங்கள் பிடிக்காது. ஆனா நீ ஒட்டுற ஆள் இல்ல," என்றார் எட்மண்ட். "போட்டிக்காரங்க உன் கடிதத்தக் காட்டினாங்க. யாரோ உன்னை மிரட்டி எழுத வச்சிருக்காங்க. மூணு ஒரிஜினலும் இருக்கா? குடு. நான் போய்ப் பேசறேன்."

மூன்றும் பைக்குள்ளிருந்த மெமரி கார்டில் இருந்தன. ஜெரார்ட் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டான். 

"அழிச்சிட்டேன் சார்."

எட்மண்ட் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டார். 

"அப்ப ஒட்டு வேலைன்னு நான் சொன்னதுதான் சரி," என்றார். ஜெயித்தவரின் குரலாக அது இல்லை.

"ஆமா சார்," என்றான் ஜெரார்ட்.