மை அடிக்காத இடம்

நூற்றேழு பக்கத்துக்கு இருநூற்றுப் பதினான்கு ரூபாய். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவர் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டிய நகல் செலவு அது. நூலகத்துக்கு அடியில் பதினெட்டு வருஷத்துக்கு முன் கட்டிய நிலவறைச் சுவர் இப்போது கசிகிறது. அந்தத் திட்டத்தின் காகிதம் அத்தனையும் வேண்டுமென்று யாரோ கேட்டிருந்தார்.

நகல் எடுத்து, பெயர் வரும் இடத்திலெல்லாம் கறுப்பு மை அடிப்பது பதிவறை ஊழியரின் வேலை. ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் கைநாட்டு. நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றுக் கையெழுத்துப் போட ஆரம்பித்த பிறகும் அது அவரை விட்டுப் போகவில்லை.

"ஒரு பேரு வெளிய தெரிஞ்சாலும் என் தலைதான் உருளும், அண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள போயாகணும்," என்று பிரிவு அதிகாரி சொல்லியிருந்தார்.

ஊழியர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வெள்ளி காலை தொண்ணூறாம் பக்கத்துக்கு வந்தார். கட்டட வேலைக்கு வந்த கூலியாட்களின் பதிவேடு. ஈரத்தில் ஊறிய மூலக் காகிதம் நகல் இயந்திரத்தின் கண்ணாடியிலேயே பிய்ந்து உதிர்ந்தது. இனி நகல்தான் மிச்சம். அந்த நிலவறைக்கு அவரும் மண் சுமந்தார், அவர் மனைவியும் சுமந்தாள். அவள் போய்ப் பதினோரு வருஷம். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. எழுத்துப் பழகியபோது நோட்டு நிறைய எழுதிப் பார்த்தது அவள் பெயரைத்தான். பதிவேட்டில் இருந்த அந்தப் பெயரின்மேல் இப்போது தன் கையாலேயே மை அடித்தார். பக்கத்தில் அவள் வைத்த பெருவிரல் ரேகை. குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, தகரச் சட்டி கிழித்த தழும்பு. பேனா அங்கே நின்றுவிட்டது. அன்று முழுக்க அது நகரவில்லை.

சனிக்கிழமை பக்கத்தை அதிகாரியிடம் நீட்டினார். "மேடம், கைநாட்டும் பேருல சேர்த்தியா?"

"உங்களையா கேக்கிறீங்க?" என்று சிரித்த அதிகாரி, அவர் முகத்தைப் பார்த்ததும் காகிதத்தை வாங்கினார். மை அடித்த வரியையும் ரேகையையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருண்ணே?"

"வீட்டுக்காரி."

அதிகாரி பக்கத்தை அவரிடமே திருப்பி நீட்டினார்.

"ரேகைய வச்சு யாரு கண்டுபிடிக்கப் போறா, விடுங்க. ஆனா சட்டம் சொன்ன முப்பது நாள் நேத்தோட தாண்டிப்போச்சு. இனிமே காசு கேக்க முடியாது. எனக்கு ஒரு மெமோ, உங்களுக்கு ஒரு மெமோ."

பில்லின் குறுக்கே 'தள்ளுபடி' என்று எழுதிக் கொடுத்தார்.

ஊழியர் மிச்சப் பக்கங்களுக்கும் மை அடித்து, நகல்களை உறைக்குள் வைத்துப் பசை தடவி, மடிப்பைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். விரலில் மை காயவில்லை. எடுத்தபோது உறையின் முதுகில் ஒரு கைநாட்டு விழுந்திருந்தது.